வந்த விஷயம்

மார்ச் 2, ஞாயிறு

ஜெபராஜ் அண்ணன் ஊருக்குப் புறப்படுகிறார். பாளையங்கோட்டையில் அவர் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாராம். ஏப்ரல் கடைசி வரை அண்ணன் அங்கேதான். அவர் மனைவி எஸ்தர் அக்கா போனில் சொன்னபோது எனக்கு முதலில் அந்தப் பெரியவரின் நினைப்பு வரவில்லை. என் மகள் ஆதிரையிடம் இதை எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன்.

குளிர்காலம் முழுக்க அண்ணன்தான் அவளைத் துப்பாக்கி சுடும் தளத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினார். இங்கே மிசௌரியில் ஏப்ரலில் பெரியவர்களுக்கு வான்கோழி வேட்டை தொடங்கும் முன்னால், ஒரு சனியும் ஞாயிறும் பிள்ளைகளுக்கென்றே விடுகிறார்கள். அவள் வகுப்பில் பாதிப் பேர் போகிறார்கள். அண்ணன் தன் நண்பர் பண்ணைக்கு இவளைக் கூட்டிப்போவதாக இருந்தது. பதினொரு வயதில் பிறந்தநாளுக்குக்கூட ஒன்றும் கேட்காத பிள்ளை, இதை மட்டும்தான் கேட்டாள்.

சொன்னேன். அழவில்லை. "அப்ப யாரு கூட்டிட்டுப் போவா?" என்று அவள் அப்பாவைப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் கோமதிநாயகம் சைவ வீட்டுப் பிள்ளை. முட்டை வெந்த சட்டியைத் தனியாகக் கழுவி வைக்கிறவர். இரண்டு கையையும் விரித்துவிட்டார். "என்னைப் பாக்காத தாயி. நான் வந்தா வான்கோழிகிட்ட, 'ஓடிரு, ஆளு வருது'ன்னு நானே சொல்லிருவேன்."

"அம்மாகிட்ட சர்டிஃபிகேட் இருக்கே."

இருக்கிறது. பிள்ளைகளோடு போகும் பெரியவரிடமும் அது இருந்தாக வேண்டுமாம். வேட்டைப் பாதுகாப்புப் பாடத்தை அவள் படித்தபோது, துப்பாக்கி விஷயத்தில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பார்க்க நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு தேர்வையும் எழுதினேன். பயத்தில் எழுதிய தேர்வு.

"சரி, நான் கூட்டிட்டுப் போறேன். ஒரு இடம் பாக்கணும், அவ்வளவுதானே" என்றேன். கோமதி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டேன்.

மார்ச் 5, புதன்

குளியலறையிலிருந்து பெட்டை வான்கோழிச் சத்தம். வட்டமான கல்பலகையில் குச்சியை உரசி ஆதிரை எழுப்புகிறாள், சேவல் அதை நம்பி வருமாம். கீழ்வீட்டுக்காரர் புகார் சொல்ல வந்தவர், கதவருகே நின்று கேட்டுவிட்டு, "நல்லா கூப்பிடுதே, யாரது?" என்று விசாரித்துப் போனார்.

மார்ச் 9, ஞாயிறு

அரசாங்கக் காடு ஒன்றைப் பார்த்துவர நானும் ஆதிரையும் போனோம். யாரும் வேட்டையாடலாம், இலவசம், வீட்டிலிருந்து பக்கம். ஓக் மரங்கள், நடுவில் புல்வெளி. ஆதிரை வான்கோழி எச்சத்தைக் குச்சியால் புரட்டிப் பார்த்து, "இது சேவல் போட்டது" என்றாள். எப்படித் தெரியும் என்றால், சேவலுடையது கொக்கி மாதிரி வளைந்திருக்குமாம்.

வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். நல்ல மனிதர்தான். வழி தவறி வந்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை, வேட்டைக்கு இடம் பார்க்கிறோம் என்றேன். சிரித்தபடி தலையாட்டிவிட்டு, நெடுஞ்சாலைக்கு எப்படிப் போவது என்று கை காட்டினார். நன்றி சொன்னேன்.

அந்த இடம் வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். வண்டிகள் அதிகம் வரும்போலத் தெரிகிறது. கூட்டத்தில் யார் எந்தப் பக்கம் சுடுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? மற்றபடி ஒன்றுமில்லை.

மார்ச் 15, சனி

இன்னொரு அரசாங்கக் காடு, ஓடை ஓரமாக. கோமதியும் வந்தார். மழை பெய்து ஓடையில் வெள்ளம் வந்தால் திரும்பி வரும் பாதை அடைபட்டுவிடும் என்றேன்.

"செண்பா, அதுல நம்ம செவல்குளம் கண்மாய் வாத்து நின்னா அதுக்கு முட்டி நனையாது."

"மழை பெஞ்சா?"

"மழை பெஞ்சா யாரு வேட்டைக்குப் போவா?"

திரும்பும் வழியில் ஆதிரை, "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினாள். சாலையோரப் புல்வெளியில் மூன்று சேவல்கள், வாலை விசிறியாக விரித்து, இறக்கை நுனி தரையில் கோடு கிழிக்க, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி சுற்றிச் சுற்றி வந்தன. அவற்றில் ஒன்று கத்தியது. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் முளைப்பாரி எடுக்கும்போது பெண்கள் சேர்ந்து குலவை போடுவார்களே, அப்படி இருந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

புல்வெளிக்குப் பின்னால் காடு, முன்னால் வெள்ளை வீடு. தபால் பெட்டியில் எல். ஹாஃப்மன் என்று இருந்தது.

மார்ச் 16, ஞாயிறு

எஸ்தர் அக்கா கோயில் முடித்து நேராக வந்தாள். அவள் இங்கே நர்ஸ். இந்த ஊரில் எந்த வீட்டில் எத்தனை நாய் என்பது வரை தெரியும்.

"அது லொரெட்டா வீடு. புருசன் செத்து நாலஞ்சு வருசம் ஆச்சு. மாடு வச்சிருக்கா. போய்க் கேளு."

"எப்படிக்கா, முன்னப் பின்ன தெரியாதவங்ககிட்ட..."

"எட்டி, இங்க அதான் வழக்கம். கதவைத் தட்டணும், கேக்கணும். குடுத்தா குடுப்பா, இல்லன்னா மாட்டேம்பா. நீ என்ன பொண்ணா கேட்டுப் போற?"

"சரிக்கா, போறேன்."

"வெறுங்கையை வீசிட்டுப் போயி கேட்டுட்டு வா. உனக்கு அது வராது, எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுதேன்."

மார்ச் 22, சனி

விடிந்ததும் முந்திரிக்கொத்து செய்தேன். பாசிப்பயறு வறுத்து, பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் முக்கிப் பொரித்து. சுடிதார் போட்டேன். பிறகு மாற்றி ஜீன்ஸ் போட்டேன். ஏன் மாற்றினேன் என்று ஆதிரை கேட்டாள். சேறாக இருக்கும் என்றேன்.

லொரெட்டா அறுபதைத் தாண்டியவர், ரப்பர் பூட்ஸ் போட்டு நெடுநெடுவென்று நின்றார். சாலையில் போகும்போது உங்கள் வீடு அழகாக இருந்தது, அதான் பார்த்துவிட்டுப் போக வந்தோம் என்றேன். உள்ளே கூப்பிட்டு காபி கொடுத்தார். மழையைப் பற்றிப் பேசினோம். மாடுகளைப் பற்றிப் பேசினோம். முந்திரிக்கொத்தை உடைத்துப் பார்த்து, உள்ளே என்ன என்று கேட்டார். பயறு என்றேன். ஆச்சரியப்பட்டார். கிளம்பி வந்துவிட்டோம்.

"கேட்டியா?" என்றார் கோமதி.

"முத தடவையே எப்படிக் கேக்குறது?"

கோமதிக்கும் இது தெரியாததல்ல. எங்கள் வீட்டுக்கு ஒரு காரியமாக யார் வந்தாலும் அப்பா முதலில் மோர் கொடுக்கச் சொல்வார். மழை, விளைச்சல், யார் வீட்டில் என்ன விசேஷம் எல்லாம் பேசி முடிந்தபின், அப்பாவே, "சரி, வந்த விஷயம் என்ன?" என்று கேட்பார். அதற்கப்புறம்தான் வந்தவர் வாயைத் திறப்பார். அதற்கு முன் கேட்டால் காரியத்துக்காக மட்டுமே வந்ததாக ஆகிவிடும். அது மரியாதை இல்லை.

லொரெட்டா கேட்பார். அடுத்த முறை கேட்பார்.

மார்ச் 29, சனி

இன்று தட்டை கொண்டுபோனேன். லொரெட்டா புதிதாகப் பிறந்த கன்றுக்குட்டியைக் காட்டினார். ஆதிரையின் விரலை அது சப்பியது. திரும்பும்போது ஒரு டஜன் முட்டை கொடுத்தார். நெடுநேரம் வாசலில் நின்றேன், செருப்பை மெதுவாகப் போட்டேன். அந்த அம்மாவும் நின்றார். நான் அவரைப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, இருவரும் சிரித்துக்கொண்டே நின்றோம்.

அவர் கேட்கவில்லை. நான் சொல்லவில்லை.

காட்டுக்குள்ளிருந்து சேவல் குலவை போட்டது. ஆதிரை என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன் என்று அவள் காரில் சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஏப்ரல் 2, புதன்

மழை. சனிக்கிழமை கட்டாயம் கேட்டுவிடுகிறேன் என்று ஆதிரையிடம் சொன்னேன். "ம்" என்றாள். அவ்வளவு சின்ன 'ம்' ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

ஏப்ரல் 5, சனி

கேட்கத்தான் போனேன். காரை ஓட்டும்போதே ஆங்கிலத்தில் வாக்கியத்தை அமைத்துவைத்துவிட்டேன். ஆதிரை காரிலேயே இருக்கிறேன் என்றாள். காபியை லொரெட்டா என் கையில் கொடுத்தார். குடித்து முடித்ததும் கேட்டுவிடுவது என்று இருந்தேன்.

அப்போது ஒரு பிக்கப் வந்து நின்றது. ஒரு மனிதர் இறங்கி வந்து, தொப்பியைக் கழற்றி, படியில் ஏறாமலே சொன்னார்: "மேடம், நான் பக்கத்து ஊர். என் ரெண்டு பெண்களையும் அடுத்த சனிக்கிழமை வான்கோழி வேட்டைக்குக் கூட்டிப் போகணும். உங்க இடத்துல விடுவீங்களா?"

"சனிக்கிழமை மட்டுமா?"

"சனிக்கிழமை போதும்."

"வேலிக் கதவைச் சாத்திட்டுப் போகணும்."

"சாத்திடுவோம்."

அவ்வளவுதான். கையைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டார். என் கையிலிருந்த காபியில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது.

"நல்ல மனிதர்" என்றார் லொரெட்டா. ஆமாம் என்றேன். காபி நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

கார்க் கண்ணாடி இறங்கியிருந்ததை வரும்போதுதான் பார்த்தேன். ஆதிரைக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. பாதி வழியில், "அம்மா, உனக்கு வேட்டை பிடிக்கலைன்னா சொல்லிடு. நான் கோவிக்க மாட்டேன்" என்றாள்.

"பிடிக்காம இல்லடா."

"அப்ப அவங்க நோ சொல்லிடுவாங்கன்னு பயமா?"

இல்லை என்றேன். அந்த அம்மா வந்த விஷயம் என்ன என்று கேட்கவே இல்லை, அதனால்தான் என்று விளக்கினேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

காலையில் தோசையைக்கூட முழுதாகச் சாப்பிடவில்லை. "என்னைக் கொண்டுபோய் விடு. நீ கார்லயே இரு" என்றாள்.

கூடாது என்று சொல்லத்தான் நினைத்தேன். கோமதி சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "பிள்ளை கேக்கட்டுமே. கேட்டா என்ன, நாக்கா தேஞ்சிரும்?"

கார்க் கண்ணாடியை இறக்கி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். படியில் ஏறினாள், தட்டினாள். கதவு திறந்ததும் நிமிர்ந்து நின்றாள்.

"மிஸஸ் ஹாஃப்மன், என் பெயர் ஆதிரை. எனக்குப் பதினொரு வயசு. வேட்டைப் பாதுகாப்பு சர்டிஃபிகேட் வாங்கியிருக்கேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை உங்க காட்டுல வான்கோழி வேட்டையாடலாமா? எங்க அம்மா கூட இருப்பாங்க. வேண்டாம்னாலும் பரவாயில்லை. எதுன்னு சொன்னா எனக்குத் தெரிஞ்சுடும்."

லொரெட்டா சிரிக்க ஆரம்பித்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இதுக்குத்தானா? உங்கம்மா இத்தனை வாரமா பலகாரம் கொண்டுவர்றாங்க, மாட்டைப் பத்தி விசாரிக்கிறாங்க, போயிடுறாங்க! என்னமோ விக்க வர்றாங்கன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம் அவங்க கோயிலுக்கு என்னைக் கூப்பிட வர்றாங்கன்னு நினைச்சேன். எதுக்கு வந்தீங்கன்னு வீட்டுக்கு வந்தவங்ககிட்ட எப்படிக் கேக்குறது? மரியாதையா இருக்காதே!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அந்த அம்மாவும் மரியாதைக்குத்தான் கேட்காமல் இருந்திருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கொடுத்தார். மாடு நிற்கும் பக்கம் துப்பாக்கியைத் திருப்பக் கூடாது. வேலிக் கதவைச் சாத்த வேண்டும். போகும்போது சொல்லிவிட்டுப் போக வேண்டும். ஆதிரை அவர் கையைக் குலுக்கினாள், அந்தத் தொப்பிக்காரர் குலுக்கியது போலவே. திரும்பி வந்தபோது ஓடிவரவில்லை, நடந்து வந்தாள். காரில் ஏறிக் கதவைச் சாத்தியபிறகுதான் கத்தினாள்.

என் மகள் ஒரு காட்டைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். இதை இங்கே எழுதிவைக்கிறேன், வேறு யாரிடமும் இப்படிச் சொன்னால் பீற்றிக்கொள்வதாக நினைப்பார்கள். கோமதியிடம் மட்டும் நாலு தடவை சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

எஸ்தர் அக்கா அண்ணனின் சின்னத் துப்பாக்கியைப் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்தாள். "குருத்தோலை ஞாயிறு அன்னைக்கா போறிய? நான் ஓலையைப் பிடிச்சிட்டு ஓசன்னா பாடுவேன், நீங்க ரெண்டு பேரும் துப்பாக்கியைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பிய. நல்லா இருக்கு!" பிறகு ஆதிரையின் கன்னத்தைக் கிள்ளி, "அடிச்சா தொடைக்கறி எனக்கு. உங்கப்பனுக்கு இறகு" என்றாள்.

ஆதிரை துப்பாக்கியை வாங்கியதும் முதல் வேலையாக அதில் தோட்டா போடும் அறையைத் திறந்து, தோட்டா இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை என்று அக்கா சொன்னபிறகும் பார்த்தாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வீட்டில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

இருட்டோடு போனோம். கோமதி வேலிக் கதவருகே காரிலேயே இருந்துகொண்டார், பிளாஸ்க்கில் காபியும் போர்வையுமாக. "வான்கோழி இந்தப் பக்கம் வந்தா நான் பேச்சுக் குடுத்து நிறுத்தி வைக்கேன்" என்றார்.

பெரிய ஓக் மரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதில் முதுகைச் சாய்த்து உட்காரச் சொன்னவள் அவள்தான். அடிமரம் நம் முதுகைவிட அகலமாக இருக்க வேண்டுமாம், பின்னால் யார் வந்தாலும் நமக்கு ஆபத்து இல்லாமல். எதிரே புல்வெளியில் தனியாக நின்ற வேலிக் கம்பு ஒன்றைக் காட்டினாள். "அதுக்கு இந்தப் பக்கம் வந்தாதான் சுடுவேன். அந்தப் பக்கம்னா தூரம்."

விடியத் தொடங்கியதும் மரத்தின் மேலிருந்து குலவை கேட்டது. ஆதிரை கல்பலகையை மடியில் வைத்து, மெதுவாக, மிக மெதுவாக உரசினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி உரசினாள். சேவல் அவளுக்குப் பதில் சொன்னது! என் வயிற்றில் பிறந்தவள் கூப்பிட, காட்டுக்குள்ளிருந்து ஒரு பறவை பதில் சொல்கிறது.

"அம்மா, மூச்சு விடு" என்று கிசுகிசுத்தாள். நான் விடவில்லை என்பதே அப்போதுதான் தெரிந்தது.

சேவல் புல்வெளிக்கு வந்தது. தலை முதலில் சிவப்பாக இருந்தது, பிறகு நீலமாக, பிறகு வெளுத்துப்போய். வாலை விரித்து வேலிக் கம்பை நோக்கி நடந்தது. ஆதிரை துப்பாக்கியை முழங்காலில் தாங்கி, கன்னத்தை வைத்துவிட்டாள். சேவல் கம்புக்கு அந்தப் பக்கமே நின்றது. சுற்றியது. மறுபடி நின்றது. இன்னும் நாலு எட்டு வைத்தால் போதும். வைக்க மாட்டேன் என்றது.

இந்த மாதம் முழுக்க எதற்கெல்லாம் பயந்தேன் என்று எனக்குத்தான் தெரியும். துப்பாக்கிக்கு, காட்டுக்கு, அங்கே எங்களைப் பார்க்கிறவர்களின் பார்வைக்கு. ஆனால் அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன்? அவள் காதருகே போய், "சுடுடி" என்றேன். நான்தான் சொன்னேன். "போயிரும், சுடு!"

அவள் தலையை மட்டும் லேசாக ஆட்டினாள், மாட்டேன் என்று. கண் பறவையைவிட்டு நகரவில்லை. விரல் விசைக்கு வெளியே நீட்டியபடியே இருந்தது.

காட்டோரத்தில் ஒரு பெட்டை வந்தது. நிஜப் பெட்டை. சேவல் எங்களை மறந்து அதன் பின்னால் போய்விட்டது.

ஆதிரை விசைப்பூட்டைப் போட்டு, துப்பாக்கியை இறக்கினாள். கண் நிறைந்திருந்தது, துடைத்துக்கொண்டாள். "அம்மா, அவ்வளவு தூரத்துல பட்டா அது சாகாது. காயத்தோட ஓடிப்போயி எங்கயாவது கிடக்கும்."

அந்தத் தேர்வில் இந்தக் கேள்வி எனக்கும் வந்தது. சரியாகத்தான் எழுதியிருந்தேன்.

பிறகும் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். வேறொன்றும் வரவில்லை. மதியத்துக்கு மேல் சொல்லிவிட்டுப் போக லொரெட்டா வீட்டுக்குப் போனோம். கோயிலிலிருந்து வந்து நல்ல உடுப்பில் நின்றார்.

"வெடிச் சத்தமே கேக்கலையே?"

"தூரம் அதிகம்" என்றாள் ஆதிரை. "நான் சுடலை."

லொரெட்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நேத்து வந்தவங்க மூணு தடவை சுட்டாங்க" என்றார். "ஒண்ணும் கிடைக்கலை. ஒரு சேவல் நொண்டிட்டுப் போச்சு." அவள் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார்.

பெரியவர்களுக்கான வேட்டை அடுத்த வாரம் தொடங்குகிறது. பிள்ளைகளும் போகலாம். எனக்கு இது ஞாபகம் வந்ததும், மழையையும் மாட்டையும் நினைக்கும் முன்னால் வாய் திறந்துவிட்டது. "அடுத்த வாரமும் இவளை இங்க கூட்டிட்டு வரலாமா?"

"முடியாதும்மா" என்றார் லொரெட்டா. "அது என் தம்பி மகனுக்குச் சொல்லியாச்சு. அவன் வருஷா வருஷம் வர்றவன்."

"சரி" என்றேன். "கேட்டுப் பாக்கலாம்னுதான்."

"கேட்டது நல்லது. அடுத்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை உங்களுக்குத்தான்."

முடியாது என்றுதான் சொன்னார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. கன்றுக்குட்டி வளர்ந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டு வந்தோம்.

காரில் ஏறினோம். கோமதி வண்டியை எடுத்ததும் ஆதிரை பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். லொரெட்டாவின் வேலி முடிகிற இடத்தில் பச்சைத் தகரக் கூரை போட்ட வீடு ஒன்று, அதற்குப் பின்னாலும் அதே காடுதான் நீண்டு போனது.

"நிறுத்துங்க" என்றேன்.

"இங்கயா? யாரு வீடு?"

"தெரியாது."

நாய் குரைத்தது. ஆதிரை அவசரமாக இறங்கி என் பின்னால் வந்தாள். அதற்குள் நான் கதவைத் தட்டிவிட்டிருந்தேன். தாடி வைத்த ஒருவர் திறந்தார். சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து வந்திருந்தார், மீசையில் சோளத்துணுக்கு.

"என் பெயர் செண்பகவல்லி. இவள் என் மகள். அடுத்த வாரம் வான்கோழி வேட்டைக்கு உங்கள் காட்டில் இவளைக் கூட்டிவர அனுமதி வேண்டும்."

அவர் என்னைப் பார்த்தார். என் தோளுக்குப் பின்னால், முகத்தில் மண்ணும் தலையில் சருகுமாக நின்றவளைப் பார்த்தார்.

"இந்தப் பிள்ளைக்குச் சுடத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "சுடாமல் இருக்கவும் தெரியும்."